புது சைலன்ஸர்... பழைய சாம்பார்க் கணக்கு!

லஸ் கார்னர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ ஊசிப் பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்ட மாதிரி 'பட்... பட்... படார்!' பதறிப்போய்த் திரும்பினால், பட்டாசு இல்லை. என் அண்ணன் பையன்!

"சவுண்டு எப்படி சித்தப்பா?" என்றான், கச்சேரி முடித்த வித்வான் மாதிரி.

அவனுடையது 350 சி.சி. வண்டி. அண்ணன் இன்னும் மாசாமாசம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். பையனோ ஜி.பி. ரோடுக்குப் போய்ப் புது சைலன்ஸரும், காற்றைத் தாராளமாக உள்ளே விடும் புது ஏர் ஃபில்டரும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். "வேற ஒண்ணும் செய்ய வேணாம் ப்ரோ. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி. அதுவே அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று கடையில் சொன்னார்களாம்.

பத்தே நாள். சிக்னலில் கிளப்பினால் வண்டி திக்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டால் வெடித்தது. தொடை சுட்டது. இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி வரை விரட்டப் போவதாகத் திட்டம் வேறு! "எதுக்கும் ஒரு தடவை காட்டிடலாம்டா" என்று அடையாறில் எனக்குப் பல வருஷப் பழக்கமான மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் ஸ்டார்ட் பண்ணி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "தம்பி, வண்டி பட்டினி கிடக்குது" என்றார்.

"டாங்க் ஃபுல்லா இருக்குண்ணே!"

"டாங்க்ல இருக்கு. இன்ஜினுக்குப் பத்தலையே! தி.நகர்ல ஒரு கல்யாண மண்டபம்னு வெச்சுக்கோ..." என்று ஆரம்பித்தார். அன்று அவர் சொன்ன விளக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மண்டபத்தின் முன்வாசல்தான் ஏர் ஃபில்டர். பின்வாசல் சைலன்ஸர். உள்ளே வரும் விருந்தாளிகள் காற்று. சாம்பார்தான் பெட்ரோல். சமையல்காரர்? அதுதான் 'ஈ.சி.யூ.' என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். இந்தச் சமையல்காரர் கூடத்தை எட்டிப் பார்த்துத் தலை எண்ணுகிறவர் அல்ல. கையில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார். ஆக்ஸிலேட்டர் இவ்வளவு திறந்திருக்கிறதா, இன்ஜின் இந்த வேகத்தில் சுற்றுகிறதா... அப்படியானால் இத்தனை கரண்டி. அவ்வளவுதான். இந்த அட்டவணைக்குப் பெயர் 'மேப்'. கம்பெனி மாட்டிய ஒரிஜினல் வாசல்களுக்காக எழுதப்பட்ட கணக்கு அது.

நம்ம பையன் என்ன செய்தான்? இரண்டு வாசலையும் அகலமாக்கிவிட்டான். கூட்டம் தபதபவென்று வருகிறது. சமையல்காரரோ பழைய கணக்குப்படிதான் ஊற்றுகிறார். பந்தியில் பாதி இலையில் சாம்பார் இல்லை!

சுத்தமான பெட்ரோல் 1 கிராம் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலென்றால், அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

"அப்ப தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும்னு சொன்னாங்களே?" என்றான் பையன், குரல் இறங்கி.

"பாதி நிஜம் தம்பி" என்றார் மெக்கானிக். பின்வாசலில் தாம்பூலப் பை கொடுக்க ஒரு மாமா நிற்கிறார் அல்லவா? அவர்தான் சைலன்ஸர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார். வெளியே போகிறவர்களை "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு, "பத்தலையாம்!" என்று சமையலறைக்குக் குரல் கொடுப்பார். மெதுவாக, ஒரே சீராகப் போகும்போது சமையல்காரர் அதைக் கேட்டு ஒரு கரண்டி கூட்டுவார். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கூட்ட மாட்டார். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினாலோ, பந்தி ரஷ்ஷில் மாமாவின் குரலையே காதில் வாங்க மாட்டார். அட்டவணைதான் வேதம். சைலன்ஸரை மட்டும் மாற்றினால் சில வண்டிகள் சமாளித்துக்கொள்ளும். ஃபில்டரையும் சேர்த்துத் திறந்துவிட்டால் கஷ்டம்.

"ஈ.சி.ஆர்ல ஃபுல்லா முறுக்குவேன்னியே... அங்கதான் சென்சார் பேச்சு எடுபடாது. பெட்ரோல் பத்தாம அதே வேகத்துல ஓட்டினா சூடு ஏறும். வால்வு கருகும். முத்திப்போனா பிஸ்டனே ஓட்டையாயிடும்!"

பையன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அண்ணனின் தவணைக் கார்டு கண்முன் வந்து போனது.

ஒரு காலத்தில் இதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் வேலை. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பமாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரான நாளிலிருந்து கார்புரேட்டர்தான். சைலன்ஸரை மாற்றினால், கார்புரேட்டரில் இருக்கும் 'ஜெட்' என்ற பித்தளைத் துண்டைக் கழற்றி, கொஞ்சம் பெரிய ஓட்டை உள்ளதாகப் போட்டால் தீர்ந்தது. 2009-ல் கிளாஸிக் 500 இன்ஜெக்ஷனோடு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசு விதி கட்டாயமானதும் 350-ம் அந்த வழிக்கு வந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவர் இருந்த இடத்தில் லேப்டாப்!

முறையாகச் செய்வதென்றால் எப்படி? மெக்கானிக் விரல் விட்டு எண்ணினார். முதலில் சைலன்ஸர் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கெட் சரியில்லாவிட்டாலும் இதே மாதிரி வெடிக்கும். அப்புறம், மாற்ற நினைப்பதையெல்லாம் மாற்றி முடித்த பிறகுதான் டியூனிங். நடுவில் ஒன்றை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து! பிறகு வண்டியை 'டைனோ' உருளை மேல் நிறுத்தி ஓட்ட வேண்டும். வண்டி நகராது, சக்கரம் மட்டும் சுற்றும். கம்பெனி சென்சார் "பத்தலை", "மிச்சம்" என்று மட்டுமே சொல்லும். எத்தனை கரண்டி பத்தவில்லை என்று துல்லியமாகச் சொல்ல 'வைடுபேண்ட்' என்று வேறு சென்சார் மாட்டி, மேப்பைக் கட்டம் கட்டமாகத் திருத்த வேண்டும். ஒரிஜினல் மேப்பைத் தனியே பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். சென்சாரை ஏமாற்றச் சின்னதாக ஓர் எலெக்ட்ரானிக் துண்டை மாட்டி "டியூன் பண்ணியாச்சு" என்பார்கள். அது தாம்பூலப் பை மாமாவைப் பொய் சொல்ல வைக்கிற வேலை!

"இவ்வளவும் செஞ்சா எவ்வளவுண்ணே பவர் கூடும்?"

"உன் வண்டி 20 குதிரை. கூட வர்றது ஒரு குதிரைன்னா அதிர்ஷ்டம். பனகல் பார்க் டிராஃபிக்ல அந்தக் குதிரையை எங்கே ஓட்டுவே?"

கூடவே கம்பெனி வாரண்டிக்கு ஆபத்து. சட்டமும் சும்மா இருக்காது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. சத்தம், புகை விதியை மீறினால் முதல் தடவையே ரூ.10,000 வரை அபராதம் விதிக்கலாம். மூன்று மாதம் லைசென்ஸும் போகும். நிஜமாகவே வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே இந்த டியூனிங்குக்கு அர்த்தமும் இருக்கிறது.

பையன் ரொம்ப நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பழசையே மாட்டிடுங்கண்ணே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி போய் வந்தான். வண்டி திக்கவில்லை. வெடிக்கவில்லை. தெருவில் எந்தக் குழந்தையும் தூக்கம் கலைந்து அழவும் இல்லை.

பளபளக்கும் புது சைலன்ஸர் மட்டும் வீட்டுப் பரணுக்குப் போயிற்று. நவராத்திரிக்குக் கொலு பொம்மைகளை இறக்கும்போது பாட்டி அதையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏண்டா, நாதஸ்வரம் கத்துக்கறியா? சொல்லவே இல்லையே!"