பத்தியம் மாற வேண்டிய நேரம்

"பருப்பு, முட்டையைக் குறைச்சுக்கோங்க." சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிய காலத்தில் டாக்டர் சொன்னது. அப்போது அது சரியான அறிவுரைதான். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பல வீடுகளில் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கவலை. நோயாளிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை என்று வரும்போது இந்தப் பழைய பத்தியம் ஆபத்தாகவே முடியும்.

ரத்த டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்த்து அமினோ அமிலங்களையும் கொண்டுபோகிறது. வயிற்று வழி டயாலிசிஸில் தினமும் 5 முதல் 15 கிராம் வரை புரதம் வெளியேறலாம். அதனால்தான் டயாலிசிஸில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். அறுவைக்குப் பின் தேவை இன்னும் கூடலாம். தையல் கூடுவதற்கும் கிருமியை எதிர்ப்பதற்கும் புரதம் வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடல் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தசை இழப்பு கண்ணுக்குத் தெரியாது. தசை கரைந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்வதால் எடை மெஷினில் எண் மாறாது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் அளவை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது, உடலில் அழற்சி இருந்தாலே அது குறைந்துவிடும். பசி எப்படி இருக்கிறது, சில மாதங்களில் டிரை வெயிட் (கூடுதல் நீரை எடுத்தபின் இருக்கும் எடை) எவ்வளவு இறங்கியது, கையில் பிடிமானம் எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டயட்டீஷியன் கணிப்பார். மிகவும் மெலிந்திருப்பவருக்கு, அவசர அறுவை இல்லையென்றால், 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுத்துவிட்டுச் செய்வது நல்லது. தள்ளிப்போடுகிறார்களே என்று வீட்டார் பதற வேண்டியதில்லை.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வயிற்றைத் திறந்தபின் பெரும்பாலும் சில காலம் ரத்த டயாலிசிஸுக்கு மாற்றுவார்கள். அதுவரை டயாலிசிஸ் திரவத்தின் குளுக்கோஸிலிருந்து உடலுக்குக் கிடைத்துவந்த கலோரி அன்றே நின்றுவிடும். அதையும் உணவில் ஈடுகட்ட வேண்டும்.

காற்றுப் பிரியும்வரை பட்டினி என்பது பழைய வழக்கம். இப்போது பல அறுவைகளில், டாக்டர் அனுமதித்தால், 24 மணி நேரத்துக்குள்ளேயே வாய்வழி உணவைத் தொடங்குகிறார்கள். வாய்வழி போதாவிட்டால் குழாய்வழி, குடல் இயங்காவிட்டால் நரம்புவழி. நீர் அளவு கட்டுப்பாட்டில் இருப்பதால் குறைந்த அளவில் அதிகக் கலோரி தரும் செறிந்த கலவையாகக் கொடுப்பார்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு வேகமாக ஊட்டினால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் ரத்தத்தில் சட்டென்று இறங்கும். வழக்கமாக இவை ஏறியே இருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் இது நேரலாம். அதனால்தான் மெதுவாகத் தொடங்கி, தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் இளநீரையும் பழச்சாறையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். ஆட்டுக்கால் சூப்பில் நீரும் உப்பும்தான் அதிகம், புரதம் நாம் நினைக்கிற அளவு இல்லை. டாக்டர் சாப்பிடச் சொன்னபின், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு நல்லது. ஒன்றில் சுமார் 3.5 கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. சைவர்கள் பனீர், பருப்பின் அளவை டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பியபின் டயாலிசிஸ் யூனிட்டில் டிரை வெயிட்டை மறுபடி கணிக்கச் சொல்லுங்கள். தசை குறைந்திருக்கும்போது பழைய எண்ணையே வைத்து நீரை எடுத்தால், மிச்ச நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும்.