மாலை வெயிலில் எழும் ஊர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி, உச்சிவெயிலில் வெறும் மேய்ச்சல் நிலம். வெயில் சாயட்டும், ஊரே எழுந்து வரும்! தாழ்ந்த மேடுகளின் நிழல் நீளும்போது வீட்டு மனைகளும், நடந்து நடந்து பள்ளமான தெருவும் கோடுகோடாகத் தெரியும். ஊர் போனபின் பெரும்பகுதி புல்தரையாகவே கிடந்ததால்தான் அந்த மேடுகள் தப்பின.

ஊர் ஏன் காலியானது? 1348-ல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோயைப் பலரும் சொல்வார்கள். அது ஊரை இளைக்க வைத்தது, அழிக்கவில்லை. ஆய்வாளர்கள் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் 1990 வரை சுமார் 40 கோடைகள் இங்கே தோண்டி ஊரின் கதையைத் தேடினார்கள். கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 1500 வாக்கில்தான். கம்பளிக்கு நல்ல விலை. உழவரைவிட ஆடே லாபம் என்று நிலக்கிழார்கள் கணக்குப் போட்டார்கள். பாவம், அந்தக் குடும்பங்கள்! சுண்ணக்கல் சுவரின் அடிவரிசையும் உடைந்த பானை ஓடுகளும் மண்ணுக்குள் மிஞ்சின. வெளியே, கூரையில்லாத புனித மார்ட்டின் தேவாலயம் இன்றும் நிற்கிறது.