சுண்டெலி சொன்ன கெத்தும் ரகசியம்

"இலைதானே, என்ன ஆகிவிடும்?" என்று கெத்தும் நீர் குடிப்பவர்கள் நம் வட்டாரத்தில் இன்னும் உண்டு. வடமாநிலக் கம்பங்களில் உடலுழைப்பாளிகள் களைப்புத் தீரக் காய்ச்சிக் குடித்த கசப்பு இலை அது.

அதன் முக்கியச் சரக்கு மித்ராஜினின். சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2019-இல் சொன்னது சுவாரஸ்யமானது. கல்லீரலிலுள்ள சிஒய்பி3ஏ என்ற நொதி அதை 7-ஹைட்ராக்ஸிமித்ராஜினினாக மாற்றுகிறது. மூளையில் மார்ஃபின் பிடிக்கும் அதே ஏற்பிகளை இது இன்னும் பலமாகப் பிடிக்கும். சுண்டெலிகளுக்கு வலி குறைந்ததற்குப் பெரும் காரணம் இலைச் சரக்கல்ல, கல்லீரல் சமைத்த இந்தப் பொருள்தான்! கஞ்சாவிலும் இதே வித்தைதான்: அதன் டிஎச்சியைக் கல்லீரல் 11-ஹைட்ராக்ஸி டிஎச்சியாக்கும், அதற்கும் போதை உண்டு.

மனிதர்களிடம் சோதித்தது நம் மிண்டன் யுஎஸ்எம் போதைப்பொருள் ஆய்வு மையம். பேராசிரியர் விக்னசிங்கம் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கெத்தும் பழக்கமுள்ள 26 ஆண்கள் பனிநீரில் கையை வைத்தார்கள். குடிக்குமுன் சராசரியாக 11 விநாடி தாங்கினார்கள். குடித்து ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 25. வலி தாங்கியது உண்மை. பழக்கமானபின் நிறுத்தினால் உடல்வலி, தூக்கமின்மை வருவதும் உண்மை.

என் கவலை வேறு. நாம் விழுங்கும் பல மாத்திரைகளைச் சிதைப்பதும் அதே நொதிதான். இட்ராகோனசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை அதை முடக்கும். அப்போது 7-ஹைட்ராக்ஸிமித்ராஜினின் உருவாவது குறையும். 1952 நச்சுப் பொருள் சட்டத்தில் அது இருப்பதால், குடிப்பதை வெளியே சொல்லத் தயக்கம் வரும்தான். ஆனால் மாத்திரை எழுதும் டாக்டருக்கு முதலில் தெரியவேண்டியது அதுவே.