தோலுக்குத் தயாராகும் பழைய தையல் இயந்திரம்

ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரையில் வேரூன்றிய தோல் தொழிலில், துணிக்கென வடிவமைக்கப்பட்ட பழைய விசைத் தையல் இயந்திரத்தைத் தோலுக்கு மாற்ற விரும்புவோர் முதலில் அடக்க வேண்டியது அதன் வேகத்தையே. ஏனெனில் துணியைப் போலன்றி, தோலில் தவறாக விழுந்த துளை ஒருபோதும் மூடுவதில்லை. கிளட்ச் மோட்டாரை நீக்கி, மிதிக்கும் அளவுக்கேற்பச் சுழலும் சர்வோ மோட்டாரைச் சிறிய கப்பியுடன் பொருத்தினால், வேகம் தணிந்து முறுக்குவிசை கூடும்.

நுனியால் அறுத்து நுழையும் தோல் ஊசியை மாட்டியபின் நுட்பமான பணி தொடங்குகிறது: ஊசி அடிமட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மி.மீ. எழும்பும்போது, மேல்நூலின் வளையத்தைப் பற்றும் கொக்கியின் முனை ஊசியின் பின்பள்ளத்தை உரசாமல் ஒட்டிக் கடக்க வேண்டும்; இது பிசகினால் தையல் விட்டுவிட்டு விழும். இரும்புப் பாதத்தில் தோல் ஒட்டி இழுபடுவதால், உருளைப் பாதமோ டெஃப்லான் பாதமோ பொருத்துவதே நல்லது.