கைக்கும் முதுகுக்கும் ஓய்வு தரும் துப்புரவு வழிகள்

இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவின் வாசலில் ஓர் அக்கா சோற்றுப் பானை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பம் 1977 கலவரத்தின்போது மாத்தளையை விட்டு வன்னிக்குப் போனது. 2009 இல் ஷெல் துண்டு பட்டதில் அவருடைய இடக் கை விரல்கள் மடங்காமல் போயின. செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, இங்கே தங்கையின் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். விறகடுப்பில் வைத்த பானையை ஒரு கையால் எப்படித் தேய்க்கப் போகிறார் என்று நான் உதவிக்குக் குனிந்தேன்.

"விடுங்கோ பிள்ளை, என்ர பானையில கரி ஒட்டாது" என்று சிரித்தார்.

பானைக்குக் கீழே நனைத்த சாக்குத் துண்டு ஒன்றை விரித்திருந்தார். அதனால் பானை வழுக்கி ஓடவில்லை. தண்ணீர் ஊற்றி, தேங்காய்த் தும்பால் ஒரு சுற்றுச் சுற்றினார். கரி முழுவதும் சேறாகக் கரைந்து போனது. சமைப்பதற்கு முன்பே பானையின் வெளிப்புறத்தில் களிமண்ணைக் கூழ்போலக் கரைத்துப் பூசியிருக்கிறார். புகைக்கரி மண்ணில்தான் படிந்தது, பானையில் படியவில்லை.

"முகாமில மூண்டு கல்லு வைச்சுத்தான் சமைச்சனாங்கள். சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. தேய்ச்சுக்கொண்டிருக்க ஏலுமே?" என்றார்.

அவருக்கு உதவப் போன நான் அன்று கற்றுக்கொண்டு திரும்பினேன். சகோதரிகளே, உங்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். உடம்பில் பழைய காயத்தோடு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். துப்புரவு வேலையில் அரைமணி நேரம் மிஞ்சினால் அது பிள்ளையின் பாடத்துக்கோ உங்கள் ஓய்வுக்கோ ஆகும். அதற்கு உதவும் சில வழிகளை இங்கே தருகிறேன். எல்லாம் உங்கள் குசினியில் இருப்பவைதான்.

எந்த அழுக்குக்கு எது?

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல் நல்லது. விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது. அது எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரத்தைப் போல வேலை செய்யும். சாம்பலைச் சல்லடையில் சலித்துவிட்டுப் பாவித்தால் பாத்திரத்தில் கீறல் விழாது. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் சாம்பலையோ அப்பச்சோடாவையோ ஊற வைக்காதீர்கள், அது கறுத்துப் போகும். கறுத்த அலுமினியச் சட்டியில் தண்ணீரோடு பிழிந்த தேசிக்காய்த் தோல்களைப் போட்டுக் கொதிக்க விட்டால் மீண்டும் வெளுக்கும்.

களிம்பு பிடித்த பித்தளைக் குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் புளிப்பு வேண்டும். பழப்புளியோடு கொஞ்சம் உப்புச் சேர்த்துப் பூசி, ஐந்து நிமிடம் விட்டுத் தேயுங்கள். பிறகு நன்றாகக் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும்.

தம்புள்ளை, கலேவெலைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அங்கே கேத்தலின் உள்ளே வெள்ளையாக ஒரு படலம் படியும். அது சுண்ணாம்பு. சுரண்ட வேண்டாம். தண்ணீரில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ கலந்து கொதிக்க வைத்து, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் கரைந்திருக்கும். ஆனால் சீமெந்துத் தரையில் புளிப்பு எதையும் ஊற்றாதீர்கள். அது சீமெந்தையும் அரித்துவிடும்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் இரண்டின் பலமும் போய்விடும். சாம்பலும் தேசிக்காயும் சேர்ந்தாலும் இதே கதைதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாவியுங்கள்.

ஊற வைத்தால் பாதி வேலை

அடிப்பிடித்த எவர்சில்வர் சட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கருகிய இடம் மூழ்கத் தண்ணீர் விட்டு, இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டுக் கொதிக்க வையுங்கள். ஆறிய பின் மரக் கரண்டியால் தள்ளினாலே கழன்று வரும். சட்டி ஊறும் நேரத்தில் நீங்கள் பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்துவிடலாம்.

முதுகுவலி உள்ளவர்கள் விளக்குமாற்றை நெஞ்சளவு உயரமான ஒரு கம்பில் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். குனியாமல் கூட்டலாம். ஒரு வாளி நிறையத் தூக்குவதைவிட அரை வாளியாக இரண்டு தடவை தூக்குவது நல்லது. ஒரு கையால் வேலை செய்பவர்கள் துணியை முறுக்கிப் பிழியச் சிரமப்பட வேண்டாம். தண்ணீர்க் குழாயில் துணியைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினால் தண்ணீர் இறங்கிவிடும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

ஒரு நாள் நான் போன வீட்டில் ஒரு தாய் மலசலகூடத்துக்கு வெளியே இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கறை போகவில்லையென்று, வெளிற்றும் தூளைப் போட்ட இடத்திலேயே மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915 இல் முதலாம் உலகப் போரில் ஆயுதமாக ஏவப்பட்டது இதே வாயுதான். அது காற்றைவிடக் கனமானது. யன்னல் இல்லாத சிறிய அறையில் தாழ்வாகத் தேங்கி நிற்கும். குனிந்து தேய்ப்பவரின் மூச்சில்தான் முதலில் ஏறும்.

ஆகவே வெளிற்றும் தூளோடு தண்ணீரைத் தவிர வேறு எதையும் கலக்காதீர்கள். வினாகிரியும் தேசிக்காயும்கூடக் கூடாது. சிறுநீர் தேங்கிய இடத்தில் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், ஏனென்றால் சிறுநீரோடு சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். தவறிக் கலந்துவிட்டால், சுத்தம் செய்ய நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சு முட்டினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் சேவை இலவசம். இத்திரவங்களைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் நீங்கள் கற்றுக்கொண்ட வழிகள் இன்னும் எத்தனையோ இருக்கும். துன்பத்தில் கற்றது என்பதால் அவற்றை மறைக்க வேண்டியதில்லை. அந்த அக்காவின் களிமண் பூச்சு இன்று அந்த லயத்தில் பல அடுப்புகளில் இருக்கிறது. அடுத்த காம்பராப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். வந்த புதிதில் யாரோடும் பேசாமல் இருந்தவர் அவர்.

நீங்களும் உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுங்கள். மிஞ்சும் நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். அது சோம்பல் இல்லை.