கல்லறைக்கு இடம் வாங்கிய டாக்டர்

நுரையீரல் தொடர் – 9

போன வாரம் ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத்தில் விட்டிருந்தேன். தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்றதில் முதல் குற்றவாளி ரேடான் வாயு. புதிதாக வந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் சி.டி. ஸ்கேன் யாருக்கு, எதற்கு என்று எழுதுவதாக வாக்கு. அதற்காகத்தான் உட்கார்ந்தேன். வழியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து பார்னஸ் மருத்துவமனை வந்து மறித்துக்கொண்டது. ஒரே ஆஸ்பத்திரிக்குள் நுரையீரல் புற்றுநோயின் நாற்பது வருஷக் கதை கிடக்கும்போது ஸ்கேனாவது மண்ணாவது!

1919-ல் அங்கே ஒரு பிரேதப் பரிசோதனை. ஜார்ஜ் டாக் என்ற பேராசிரியர் மருத்துவ மாணவர்களை வரவழைத்துக் காட்டினார். இறந்தவருக்கு நுரையீரல் புற்றுநோய். அவ்வளவு அபூர்வம் அப்போது. வாழ்நாளில் இன்னொன்றைப் பார்க்க உங்களுக்கு வாய்க்காமலே போகலாம் என்று சொல்லித்தான் காட்டினாராம். கூட்டத்தில் ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற மாணவரும் இருந்தார். பேராசிரியரின் வாக்கு பதினேழு வருஷம் பலித்தது. 1936-ல் நியூ ஆர்லியன்ஸில் அறுவை நிபுணராக இருந்த ஆக்ஸ்னர் அடுத்த நோயாளியைப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை, ஆறே மாதத்தில் ஒன்பது பேர். எல்லோரும் ஆண்கள். எல்லோரும் சிகரெட் பிடிப்பவர்கள், முதல் உலகப் போர்க் காலத்தில் பழகிக்கொண்டவர்கள்.

போருக்கும் நோய்க்கும் நடுவே இருபது வருஷம். இந்தத் தொடரில் நான் மறுபடி மறுபடி வந்து நிற்கும் இடம் இதுதான். மூச்சுக்குழாயின் உள்தோலில் இருக்கும் செல்களில் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, பழுதுகள் சேர்ந்து, ஒரு செல் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்க அத்தனை காலம் பிடிக்கிறது. அதுவரை ஆள் திடமாக நடமாடுகிறார். இன்று பற்றவைத்ததற்கு இன்றே ரத்தம் வருமென்றால் ஒருவரும் பெட்டியைத் தொடமாட்டார்கள்.

இனி கில்மோர். பிட்ஸ்பர்க்கில் பிரசவம் பார்க்கும் டாக்டர், வயது 48. இருமல், காய்ச்சல். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்று. 1933-லேயே இப்படித் திசுவைப் பார்த்து முடிவு சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் இன்றும் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் டிபி மாத்திரை தொடங்கிவிடுகிற வழக்கம் இருக்கிறது. டிபி அதிகமுள்ள நாட்டில் டாக்டரின் சந்தேகம் அந்தப் பக்கம் போவது நியாயம். ஆனால் சளியில் கிருமி இல்லை, மாத்திரை போட்டும் நிழல் கரையவில்லை, எடை இறங்குகிறது என்றால் ‘பயாப்ஸி எடுக்கலாமா டாக்டர்?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். இங்கே மாதங்கள் வீணாவது இந்த இடத்தில்தான்.

கில்மோர் பார்னஸுக்கு வந்து அறுவை நிபுணர் எவார்ட்ஸ் கிரகாமிடம் உடம்பை ஒப்படைத்தார். அதற்கு முன் ஊருக்குப் போய் இரண்டு காரியம் முடித்துக்கொண்டார்: பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பற்களை அடைத்துக்கொண்டார், கல்லறைக்கு இடமும் வாங்கிப் போட்டார். இந்த வாரம் நான் படித்ததில் இதைவிடப் பிடித்தது எதுவுமில்லை. பிழைத்தால் மெல்லப் பல் வேண்டும், செத்தால் படுக்க இடம் வேண்டும். இரண்டுக்கும் தயார்.

1933 ஏப்ரல் 5. நுரையீரலில் ஒரு மடலை மட்டும் எடுப்பதாகத்தான் திட்டம். திறந்து பார்த்தால் புற்று இடது மூச்சுக்குழாயின் மூலம் வரைக்கும் ஏறியிருந்தது. முழு நுரையீரலையும் எடுக்க வேண்டும். கில்மோரின் டாக்டர் நண்பர் ஒருவர் அறுவை அரங்கிலேயே இருந்தார். அவரைக் கேட்டார் கிரகாம். மனிதர்களிடம் யாரும் இப்படிச் செய்து பிழைக்க வைத்ததில்லை, விலங்குகளிடம் செய்து பார்த்திருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொன்னார். நண்பர் சம்மதித்தார். இதயத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் ரத்தக்குழாயைச் சற்று நேரம் அடைத்து, நாடி தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, இடது நுரையீரலை முழுசாக எடுத்தார். வெற்றிடத்தில் சீழ் கோத்துவிடாமல் மார்புச் சுவர் உள்வாங்கிக்கொள்ளட்டும் என்று விலா எலும்புகளையும் எடுத்தார். மிச்சம் மீதி புற்று கருக வேண்டுமென்று வெட்டிய அடியில் எதைச் செருகினார் தெரியுமா? ரேடான். போன வாரம் சுரங்கத்தில் ஆளைக் கொன்ற அதே வாயு, கண்ணாடியோ உலோகமோ ஏதோ ஒரு கூட்டுக்குள் அடைபட்டு இங்கே மருந்தாகிவிட்டது! புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை ஒரே அறுவையில் முழுக்க எடுத்து ஆள் பிழைத்தது உலகத்தில் அதுவே முதல் தடவை. கில்மோர் ஊர் திரும்பி மறுபடி பிரசவம் பார்த்தார். இன்றைக்கு அவ்வளவு வெட்டுவது அபூர்வம். கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடிபட்டால் ஒரு மடலோ அதற்கும் குறைவோ போதும், துளை போட்டே செய்கிறார்கள்.

கிரகாம் சரியான சிகரெட் பிரியர். நுரையீரல் புற்று கூடிக்கொண்டு போவதற்கும் சிகரெட் விற்பனைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று பேச்சு வந்தபோது, நைலான் காலுறை விற்பனையும்தான் கூடியிருக்கிறது என்று மடக்கியவர். எர்ன்ஸ்ட் விண்டர் என்ற மாணவர் இதை ஆராயட்டுமா என்று அவரிடமே வந்து நின்றார். நம்பிக்கை இல்லாமலே அனுமதித்தார் கிரகாம். 1950-ல் 684 நோயாளிகளின் கணக்கு இருவர் பெயரிலும் வெளியானது. புற்று வந்த ஆண்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் நன்றாகப் புகைப்பவர்கள். அதற்குப் பிறகு கிரகாம் சிகரெட்டை விட்டார். இருவரும் இன்னொருவரோடு சேர்ந்து, சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்து 1953-ல் வெளியிட்டார்கள். 44 சதவீத எலிகளுக்குப் புற்று.

1957 பிப்ரவரியில் கிரகாம் ஆக்ஸ்னருக்கு எழுதினார்: இரண்டு நுரையீரலிலும் புற்று. விட்டு ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது, ஆனால் பிடித்தது ஐம்பது வருஷம். மார்ச் 4-ல் இறந்தார். நோய் வெட்டும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. கல்லறைக்கு இடம் வாங்கிய கில்மோர் அவருக்குப் பிறகும் ஆறு வருஷம் இருந்தார், ஒற்றை நுரையீரலோடு.

இதைப் படித்துவிட்டு ‘விட்டும் வந்ததே, பிறகு எதற்கு விடணும்?’ என்று கேட்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு கணக்கு. ரிச்சர்ட் டால் என்ற ஆராய்ச்சியாளர் பிரிட்டிஷ் ஆண் டாக்டர்கள் 34,439 பேரை 1951 முதல் ஐம்பது வருஷம் தொடர்ந்து பார்த்தார். புகைத்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருஷ ஆயுள் நஷ்டம். அறுபதில் விட்டவர் அதில் மூன்றைத் திரும்பப் பெற்றார், ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் ஏறக்குறைய முழுவதும். இதற்கு முன் செய்த ஆய்வின் எண்கள் சேரும்போதே டால் தன் சிகரெட்டை விட்டுவிட்டார். 92 வயது வரை இருந்தார்.

ஸ்கேன் பற்றி இப்போதைக்கு இவ்வளவுதான் இடம். குறைந்த கதிரளவு சி.டி. என்பது பல வருஷம் நிறையப் புகைத்து ஐம்பதைத் தாண்டியவர்களுக்கானது. அமெரிக்காவில் 53,000-க்கு மேற்பட்ட புகைப்பழக்கக்காரர்களை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்ட சோதனையில், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைவிட சி.டி. எடுத்தவர்களிடம் இந்தப் புற்றால் வரும் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிகரெட்டே தொடாதவர் பயந்துபோய் ஓட வேண்டியதில்லை. ஏன் என்று அடுத்த வாரம் எழுதப் பார்க்கிறேன். உறுதி சொல்ல மாட்டேன். எலிச் சோதனை வெளியான அதே 1953 டிசம்பரில் சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் கூடிப் பேசியிருக்கிறார்கள். அதைப் பற்றிய காகிதக் கட்டும் என் மேஜைமேல்தான் கிடக்கிறது.