பழைய நாற்காலியும் பெயர்த்தெடுத்த நிலையும்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் முதன்முறையாக நுழைகிறவர் அதை ஒரு கடைத்தெரு என்று நினைக்கமாட்டார். பல குடும்பங்கள் ஏககாலத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு புறப்படுகின்றன என்றே நினைப்பார். வாசற்படி வரையில் வந்து நிற்கும் நாற்காலிகளும், அவற்றின்மேல் கவிழ்த்து வைத்த கணக்குப்பிள்ளை மேசைகளும், சுவரில் சாய்ந்திருக்கும் நிலைக்கண்ணாடிகளும், பித்தளை அண்டாவும், எனாமல் தூக்கும், பல்லாங்குழியும், நின்றுபோன சுவர்க் கடிகாரமும், எது விற்பனைக்கு உரியது, எது கடைக்காரர் தாமே உட்கார்ந்திருப்பது என்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வீட்டுக்குப் பழைய சாமான் தேடுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் இதனினும் பிரசித்தமான ஸ்தலம் வேறில்லை.

இவ்வளவு பொருள் செட்டிநாடு என்னும் இந்த வறண்ட பூமிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஒரு கரண்டிகூட வாங்கலாகாது என்பது என் அபிப்பிராயம். நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பர்மா, இலங்கை, மலேயா, ஸைகோன் ஆகிய இடங்களில் லேவாதேவி செய்து ஈட்டிய செல்வத்தை ஊரில் வீடாகக் கட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக் கல்லும், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கப்பலேறி வந்தன. 1930ஆம் ஆண்டு பர்மாவில் நடந்த அரசாங்க விசாரணையொன்று அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக மதிப்பிட்டது. அதே சமயத்தில் உலகமெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தால் அரிசியின் விலை வீழ்ந்து, கடன் வாங்கிய குடியானவர்கள் பணத்துக்குப் பதிலாக நிலத்தையே ஒப்படைக்க நேர்ந்தபடியால், கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்தாக உயர்ந்தது. நிலம் வந்தது, பணம் திரும்பவில்லை. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமாக்கியது. 1962இல் ராணுவம் ஆட்சிக்கு வந்தபின் மிச்சமிருந்த கடைகளும் போயின. ஊரிலிருந்த வீடு மாத்திரம் அப்படியே நின்றது.

அந்த வீட்டுக்கு இன்றைக்குச் சொந்தக்காரர் ஒருவரல்லர். தலைமுறைக்குத் தலைமுறை குடும்பங்கள் பெருகி, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் அமெரிக்காவிலும் இருக்க, கூரை ஒழுகுவதை யார் செலவில் அடைப்பது என்பதில் ஏகோபித்த முடிவு எளிதில் ஏற்படுவதில்லை. சாமான்களைப் பங்கு போடுவது அதைவிடச் சுலபம். மேலும், கல்யாணத்தின்போது பெண்ணுக்குத் தாய்வீட்டார் வைக்கும் சீர்வரிசையில் பாத்திரங்களைப் பலப்பல எண்ணிக்கையில் அடுக்குவது அவர்கள் வழக்கமாதலால், உள்ளறையில் வைத்துப் பூட்டி ஒரு நாளும் அடுப்பேறாத பாண்டங்கள் ஏராளம். ஆகையால் காரைக்குடிக் கடையில் பழைய பொருளென்றால் தேய்ந்த பொருள் என்று அர்த்தமாகாது. விளிம்பில் பெயர் வெட்டிய பித்தளைச் சட்டியில் அந்த எழுத்துக்கள் நேற்று வெட்டினாற்போல் கூர்மையாக இருந்தால், அது இரண்டு தலைமுறையாக இருட்டில் இருந்தது என்று தாராளமாக ஊகிக்கலாம்.

இனி, வாங்குகிற விதத்துக்கு வருவோம். எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும், "எல்லாம் பர்மாத் தேக்குதான், ஐயா" என்பார். அவர் சொல்வதில் அநேகமாக உண்மையும் இருக்கும். ஆனால் எந்த மேசையில் இருக்கிறது என்பதே கேள்வி. இதற்குப் பதில் மேசையின் மேற்பரப்பில் கிடைக்காது. மேற்பரப்பைத்தான் விற்பவர் பாலிஷ் போட்டுப் பிரகாசிக்கச் செய்திருக்கிறாரே! மேசையைக் கவிழ்க்கவேண்டும், இழுப்பறையை முழுவதும் உருவி வெளியே வைக்கவேண்டும், பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி அதன் முதுகைப் பார்க்கவேண்டும். பிறர் பார்வைக்கு வராது என்று தச்சர் நினைத்த இடத்தில்தான் அவர் காலமும் கருவியும் பதிந்திருக்கின்றன. இழுப்பறையின் முன்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் மூலையில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பற்கள் சமமில்லாமல் இருந்தால் கை உளியால் வெட்டியவை. அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவாக இருந்தால் யந்திரத்தின் வேலை. ஆள் வைத்து அறுத்த பலகையின் அடியில் வாளின் தடம் நேர்கோடுகளாக ஓடும். வட்ட வாள் அறுத்ததில் அது வில்லாக வளைந்திருக்கும். திருகாணியின் தலையில் சிலுவைப் பள்ளம் தென்பட்டால், அந்தத் தினுசு 1930களில்தான் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்ததாகையால், "விக்டோரியா ராணி காலத்து மேசை" என்னும் வாதம் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். பிற்காலத்து ரிப்பேரில் ஏறிய ஆணியாகவும் அது இருக்கக்கூடும் என்பதால், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வழக்கைத் தீர்த்துவிடவும் வேண்டாம். வட்ட மேசையானால் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு, மரத்தின் ரேகை ஓடும் திக்கில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் அளந்து பார்ப்பது நல்ல பரீட்சை. மரம் நெடுகச் சுருங்குவதைக் காட்டிலும் குறுக்கே அதிகமாகச் சுருங்குமாதலால், நெடுங்காலம் நின்ற வட்டம் மெய்யாகவே வட்டமாக இராது.

வளைத்த மரத்தில் செய்த நாற்காலிகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பழைய வக்கீல் வீட்டுத் தாழ்வாரங்களிலும் பம்பாயின் இரானி ஹோட்டல்களிலும் கண்ட, முதுகு இரண்டு வளைவாக எழும்பி இருக்கையில் பிரம்பு பின்னிய அந்த நாற்காலிக்கு மூலபுருஷர் மிக்கேல் தோனெட் என்னும் ஜெர்மானியர். வியன்னாவில் தொழில் நடத்திய அவர் 1859இல் வெளியிட்ட பதினான்காம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த பீச் மரத் துண்டுகள் ஆறும், திருகாணிகள் பத்தும், மரைகள் இரண்டும் கொண்டது, அவ்வளவே. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலிகளைக் கழற்றி அடுக்கி அனுப்பிவிடலாம் என்பதால் அது கப்பலேறிச் செல்லாத தேசம் இல்லை. 1869இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் போட்டியாளர்கள் பலர் கிளம்பிவிட்டபடியால், இருக்கையின் வளையத்துக்கு உட்பக்கத்தில் ஒட்டிய காகிதச் சீட்டோ சூடு போட்ட முத்திரையோ இல்லாமல் யாருடைய நாற்காலி என்று நிச்சயிப்பது கடினம். முத்திரை இல்லாவிட்டாலும் என்ன? உட்கார்ந்து பார்க்கையில் கிரீச்சிடாமல், இருபுறமும் அசைத்துப் பார்க்கையில் ஆடாமல் இருந்தால், அது நல்ல நாற்காலிதான்.

எனாமல் பாத்திரங்களிலும் பீங்கான்களிலும் இந்தப் பிரயாசை அவ்வளவு வேண்டியதில்லை. அடியில் அச்சிட்ட நாட்டின் பெயரே சரித்திரம் சொல்லும். அந்நியச் சரக்கில் உற்பத்தி தேசத்தைக் குறிக்கும் வழக்கம், 1887இல் பிரிட்டனும் 1890இல் அமெரிக்காவும் இயற்றிய சட்டங்களுக்குப் பிறகே பரவலாயிற்று. செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் 1918க்கு முன்பு இருக்க முடியாது, ஏனெனில் அதற்கு முன் அப்படியொரு தேசமே இல்லை. ஆக்கிரமிப்பிலுள்ள ஜப்பான் என்றிருந்தால் உலக யுத்தம் முடிந்து 1952 வரையிலான சில ஆண்டுகளுக்குள் செய்தது. மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்குப் பின். செட்டிநாட்டில் ஸ்வீடன் தேசத்து எனாமல் அடுக்குகளும் நிறையக் கிடைக்கும். வர்ணம் பெயர்ந்து உள்ளிரும்பு தெரிகிற பாத்திரத்தைச் சமையலுக்கு வாங்காதீர்கள். பூச்சட்டியாக அது இன்னும் பல காலம் உழைக்கும்.

சுவரில் மாட்டும் ரவிவர்மா படங்களில்தான் மோசம் மிகுதி. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுதோறும் குடியேற்றினார். அப்படங்களின் சேலைகளுக்கு ஜரிகையும் சமிக்கியும் தைத்து அலங்கரிப்பது செட்டிநாட்டுப் பெண்களின் பொழுதுபோக்காகவும் இருந்தது. இன்றைக்கு அதே படத்தை நவீன யந்திரத்தில் அச்சிட்டு, தேயிலை நீரில் காகிதத்தைப் பழுப்பாக்கி, மெய்யாகவே பழைய சட்டத்தில் பொருத்திவிடுகிறார்கள். ஒரு பூதக்கண்ணாடி கையில் இருந்தால் போதும். கல்லச்சில் அடித்த பழைய படத்தின் புள்ளிகள் கையால் இட்டவையாதலால் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். புதிய படத்தில் அவை வரிசை பிசகாமல் நிற்கும்.

இதுவரை சொன்னவையெல்லாம் அசையும் பொருள்கள். சட்டப் புஸ்தகத்தில் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று வகுத்திருக்கிறார்களே, பழம்பொருள் வாங்குகிறவருக்கு அதைக் காட்டிலும் உயர்ந்த தர்மசாஸ்திரம் கிடையாது என்று நான் கருதுகிறேன். நாற்காலி ஒரு வீட்டை விட்டுப் போனால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அது போவதற்கென்றே கால் முளைத்த வஸ்து. ஆனால் கஜலக்ஷ்மி செதுக்கிய நிலையும் கதவும், வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்களும், அவற்றின்மேல் அமரும் போதிகைகளும் ஒரு கடையில் சாய்ந்து நிற்கின்றன என்றால், அவை தாங்கிக்கொண்டிருந்த வீடு எங்கோ இடிந்துவிட்டது என்பதே அதன் பொருள். கடற்கரைச் சாலைப் பங்களாக்களும் உல்லாச விடுதிகளும் தூண்களுக்கு நல்ல விலை கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, ஒழுகும் வீட்டைப் பழுது பார்ப்பதைவிடப் பிரித்து விற்பது லாபம் என்னும் கணக்கும் பங்காளிகளின் பேச்சில் புகுந்துவிட்டது. செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல் சுவரைத் தாங்குமா?

எதிர்வாதமும் இல்லாமலில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்றைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அவ்விதம் செய்யாவிட்டால் அது மழையில் கரைந்திருக்கும். ஏற்கனவே விழுந்த வீட்டின் கதவை விறகுக்கடைக்கு அனுப்புவதைவிட வேறொரு வாசலில் நிறுத்துவது சிலாக்கியமானதே. ஆயினும் விழுந்த வீட்டின் கதவு எது, விழச்செய்த வீட்டின் கதவு எது என்பதை வாங்குகிறவர் அறிய மார்க்கம் இல்லாதபடியால், நான் நாற்காலியோடு நிறுத்திக்கொள்வதையே சிபாரிசு செய்வேன்.

நாற்காலியோடு நிற்காதவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். 1972இல் இயற்றி 1976இல் அமலுக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிமனிதருக்கு உரிமையில்லை. அவற்றை விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும். மரச்சிற்பம், ஓவியம் முதலிய சில வகைகளை வைத்திருப்பவர் பதிவும் செய்துகொள்ளவேண்டும். அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குப் பழைய ஸ்வாமி பலகை ஒன்றை அன்பளிப்பாக அனுப்ப எண்ணும் தகப்பனார் இதை நினைவில் வைப்பது நலம். தந்தம் பதித்த பெட்டி என்றால் பக்கத்திலேயே போகவேண்டாம். தந்தத்தின் வியாபாரத்தை வனவிலங்குச் சட்டம் முற்றிலும் தடுத்திருக்கிறது.

வாங்கியபின் செய்யும் தவறுகளில் தலையாயது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. நூறு வருஷத்துக் கைபட்டும் வெயில்பட்டும் ஏறிய நிறத்தை அரை நாளில் உரித்தெறிந்துவிட்டு அதன்மேல் கண்ணாடிபோல் வார்னிஷ் பூசினால், புது மேசையை இன்னும் மலிவாக வாங்கியிருக்கலாமே என்றுதான் தோன்றும். பழைய பூச்சு பெரும்பாலும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஏற்றியது. அதே முறையில் லேசாகப் புதுப்பித்தால் போதும். மரத்தில் ஊசித்துளைகள் இருப்பது குற்றமல்ல. கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து இரண்டொரு நாள் வைத்து, புதிதாக மாவு கொட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது, மருந்து வைக்காமல் மற்றச் சாமான்களோடு சேர்க்கக்கூடாது. பிரம்புப் பின்னலிலும் கட்டில் மூலைகளிலும் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது உத்தமம்.

கடைசியாக அளவு. செட்டிநாட்டுப் பெட்டகத்தையும் பீரோவையும் செய்தவர்கள் அகன்ற முகப்பும் நெடிய தாழ்வாரமும் உள்ள வீட்டுக்காகச் செய்தார்கள். நாம் அவற்றை மூன்றாம் மாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் நுழைக்கப் பார்க்கிறோம். பெரிய பீரோக்களில் பலவற்றை ஆப்பைத் தட்டித் தனித்தனிப் பாகமாகக் கழற்றலாம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, நம் கண்ணெதிரே ஒரு முறை கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லவேண்டும். கழற்ற முடியாததானால், வாசற்கதவின் அகலத்தையும் மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் முன்கூட்டியே அளந்து சீட்டில் குறித்து எடுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். விலை பேசுவது அதற்கப்புறம்.